இருதலை ஒயர்

மலர்க் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் என் அறைக்கு வந்தார். "நீ விஞ்ஞான மாணவன். இவ்வாண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரை கொடு. எல்லோரும் கவிதையாகவே எழுதித் தள்ளுகிறார்கள்" என்றார். நான் அண்டவெளியைப் பற்றியோ அணுவின் உட்கருவைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். ஈராண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். இன்றோ எனக்கு நன்றாகத் தெரிந்த விஞ்ஞான விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது பத்து கெஜ நீளமுள்ள ஒரு மின்சார ஒயரைப் பற்றியது. அந்த ஒயரைச் செய்தவன் நான். ஆகவே இது பாதி கட்டுரை. பாதி குற்ற ஒப்புதல்.

நம் ஊர்ப் பாட்டிமார்களுக்குக் காசி என்றால் கங்கை. எனக்குக் காசி என்றால் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பரிசோதனைச் சாலை. பல்கலைக்கழகத்தின் பெரிய வாயிலுக்கு எதிரே உள்ள பேட்டைக்கு லங்கா என்று பெயர். "லங்காவுக்குப் பக்கத்தில் அறை கிடைத்துவிட்டது" என்று முதன்முதலில் தொலைபேசியில் சொன்னபோது, "காசிக்குப் போனவன் லங்காவுக்கு எப்படிடா போனே?" என்று அம்மா பதறிவிட்டாள். அங்கிருந்து சைக்கிளில் பத்து நிமிஷத் தொலைவில், ஒரு சந்தின் கோடியில் இருக்கிறது நான் குடியிருக்கும் வீடு. மாடியில் ஓர் அறை எனக்கு. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். சந்தில் எல்லோரும் அவரை மாஸ்டர்ஜி என்றே அழைப்பார்கள். அவர் மனைவியை அம்மாஜி என்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். வந்த புதிதில் என் இந்தியைக் கேட்டு இருவரும் சிரித்ததுண்டு. ஆனால் ஒரு நாளும் என்னை வெளியூரான் என்று ஒதுக்கியதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மாஜி படியேற முடியாமல் படியேறி வந்து கஞ்சி கொடுத்தார். முடியாமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அவருக்கு நுரையீரல் நோய். அறைக் காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று அவருடைய கட்டிலருகே இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர் தாங்கும். அதன் பாட்டரி பழையதாகிவிட்டபடியால் இரண்டு மணி நேரந்தான் தாங்கும்.

இதை அறிந்த அவர்களுடைய மகன், வேறு ஊரில் தான் நடத்தி மூடிய கடையிலிருந்து ஒரு சிறு பெட்ரோல் ஜெனரேட்டரை அனுப்பி வைத்தான். 2 கே.வி.ஏ. சக்தி உடையது; 230 வோல்ட்டில் எட்டரை ஆம்பியருக்குச் சற்று மேல் கொடுக்கும். வந்த பெட்டியைப் பிரித்து வைத்துக் கொண்டு மாஸ்டர்ஜி என்னைக் கூப்பிட்டார்.

"பேட்டா, நீ பௌதிகம் படிக்கிறவன். இதை வீட்டோடு இணைக்க வேண்டும். எல்லா அறையிலும் விளக்கும் விசிறியும் எரிய வேண்டும். முடியுமா?"

"இதென்ன பிரமாதம், மாஸ்டர்ஜி!" என்றேன்.

அப்படிச் சொன்ன வாயைத்தான் இன்றும் நொந்து கொள்கிறேன். கடைத்தெருவில் பலர் செய்வதைப் பார்த்திருந்தேன். ஓர் ஒயரின் இரண்டு முனையிலும் பிளக்கு மாட்டுவது. ஒரு பிளக்கை ஜெனரேட்டரில் செருகுவது. மற்றதை வீட்டிலுள்ள ஏதாவதொரு பெரிய சாக்கெட்டில் செருகுவது. சாக்கெட்டிலிருந்து மின்சாரத்தை எடுப்பதற்குப் பதில் சாக்கெட்டுக்குள் மின்சாரத்தைத் தள்ளுகிறோம். அது சுவருக்குள் இருக்கும் ஒயர்கள் வழியே வீடு முழுவதும் பரவிவிடும். அரை மணி நேரத்தில் செய்து முடித்தேன். வெந்நீர்ப் பாய்லருக்கென்று இருந்த 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகி, ஜெனரேட்டரை இயக்கியதும் வீடெல்லாம் விளக்கெரிந்தது. அம்மாஜி கைதட்டினார். நானும் சற்றுத் தலை நிமிர்ந்துதான் நின்றேன்.

அபாயம் எனக்கு அடியோடு தெரியாது என்று சொல்ல மாட்டேன். மெயின் ஸ்விட்சை அணைக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால் மின்சாரம் வெளியே தெருக் கம்பிக்குப் போய்விடும் என்று தெரியும். அதனால் ஒரு காகிதத்தில், "முதலில் மெயினை அணைக்கவும்; பிறகே ஜெனரேட்டர்" என்று மாஸ்டர்ஜியைக் கொண்டு இந்தியில் எழுதச் செய்து, மெயின் ஸ்விட்சின் பக்கத்தில் ஒட்டினேன். கணித ஆசிரியரின் கையெழுத்து. முத்து முத்தாக இருந்தது. அதோடு கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாலை. வடநாட்டுக் கோடையை அனுபவித்தவர்களுக்கு 'ஆந்தி' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மேற்கே வானம் செம்மண் நிறமாகும். ஐந்து நிமிஷத்தில் பட்டப்பகல் இருட்டாகும். பிறகு புழுதியும் காற்றும் சேர்ந்து ஊரையே தூக்கப் பார்க்கும். அன்று அடித்த காற்றில் எங்கள் சந்தின் நடுவிலிருந்த வேப்பமரத்தின் பெருங்கிளை ஒன்று முறிந்து மின்கம்பிகள் மேல் விழுந்தது. கம்பிகள் அறுந்தன. அறுந்த இடத்துக்கு அப்பால், கடைசிக் கம்பத்தை நம்பியிருந்தவை இரண்டே வீடுகள். ஒன்று பூட்டிக் கிடந்தது. மற்றொன்று எங்களுடையது.

இரவு பத்து மணிக்கு இன்வெர்ட்டர் ஓய்ந்தது. காகிதத்தில் எழுதியிருந்தபடியே மெயினை அணைத்துவிட்டு ஜெனரேட்டரை ஓட்டினேன். விடியும்வரை ஒரு குறையும் இல்லை. காலையில் எஞ்சின் சற்று ஆறட்டும் என்று நிறுத்தினேன். சிறிய பிராணவாயு சிலிண்டர் ஒன்று இருந்தது. அம்மாஜியை அதற்கு மாற்றினோம். அப்போது, 'தெருவில் மின்சாரம் வந்துவிட்டதோ?' என்று ஓர் ஐயம். மெயினைப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. பேசாமல் மேலே போய்ப் பல் துலக்கினேன். போட்ட மெயினைத் திரும்ப அணைக்கவில்லை.

எட்டு மணி இருக்கும். "பேட்டா! சிலிண்டர் தீரப் போகிறது!" என்று கீழிருந்து மாஸ்டர்ஜியின் குரல். அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஓடி வந்தேன், பெட்ரோல் ஊற்றினேன், கயிற்றை இழுத்தேன். எஞ்சின் ஓடியது, அம்மாஜியின் இயந்திரமும் ஓடியது. மூச்சு சீரானது. நான் ஒட்டச் செய்த காகிதத்தை நானே படிக்கவில்லை.

பெட்ரோல் டப்பாவைத் திரும்ப வைக்க வாசலுக்கு வந்தபோது, கடைசிக் கம்பத்தடியில் மின்சார ஊழியர் இருவர் நிற்பதைக் கண்டேன். ஒருவர் ஐம்பதைக் கடந்தவர். மற்றவன் என் வயது இருப்பான். சந்து தொடங்கும் இடத்தில் உள்ள டிரான்ஸ்பார்மரில் பியூஸ்களைப் பிடுங்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஆகவே அவர்கள் கணக்கில் எங்கள் கம்பி செத்த கம்பி. இளைஞன் ஏணியைச் சாத்தி இரண்டாம் படியில் கால் வைத்துவிட்டான். பெரியவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். ஒரு நீண்ட கழியின் முனையில் கட்டியிருந்த தடித்த செப்புக் கம்பியை எடுத்தார். அதன் மறுமுனையைத் தரையில் அடித்திருந்த இரும்பு முளையோடு இணைத்தார். பிறகு கழியை உயர்த்தி மேலே உள்ள கம்பிகளில் மாட்டினார்.

'பட்'டென்று ஒரு சத்தம். நீல நிறத்தில் ஒரு பொறி. வீட்டுக்குப் பின்னால் என் ஜெனரேட்டர் ஒரு முறை முனகியது. அதன் பாதுகாப்பு விசை விழுந்தது. வீட்டுக்குள் விசிறிகள் நின்றன.

எனக்கு அந்தக் கணமே எல்லாம் விளங்கிவிட்டது. கையில் பெட்ரோல் டப்பாவோடு அப்படியே நின்றேன்.

"யார் வீட்டு ஜெனரேட்டர் ஓடுகிறது?" என்று பெரியவர் உரக்கக் கேட்டார். சந்தில் கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு நா எழவில்லை. மாஸ்டர்ஜி வெளியே வந்து, "என் வீடு" என்றார். எழுபது வயதுக்காரர் நான் செய்த பிழைக்குத் தலை குனிந்து நிற்கிறார். அதைக் கண்ட பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. "ஒயர் செய்தவன் நான். மெயினை அணைக்க மறந்தவனும் நான்" என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. உள்ளே வந்தார், முதலில் மெயினை அணைத்தார், ஒயரைப் பிடுங்கினார், இடுக்கியால் இரு முனையிலும் பிளக்கை வெட்டி என் கையில் கொடுத்தார். "என்ன ஓடிக் கொண்டிருந்தது?" என்று கேட்டார். அம்மாஜியைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?" என்றார். வேண்டாம் என்றோம். உடனே வீட்டிலிருந்த நல்ல தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை வாங்கி, ஜெனரேட்டரில் செருகி, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டு வந்து, பிராணவாயு இயந்திரத்தை நேராக அதிலேயே மாட்டினார். வீட்டு ஒயரிங்குக்கும் ஜெனரேட்டருக்கும் தொடர்பே இல்லை. எல்லாம் ஐந்து நிமிஷ வேலை.

போகும்போது, "என்ன படிக்கிறாய்?" என்று கேட்டார்.

"எம்.எஸ்ஸி. பௌதிகம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே போய், செப்புக் கம்பியை இன்னொரு முறை மாட்டிப் பார்த்தார். அதன் பிறகே இளைஞனை மேலே ஏறவிட்டார்.

அன்றிரவு ஊருக்குப் பேசினேன். இதற்கு முன் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன். என் தகப்பனாரும் மின்வாரியத்தில் கம்பியாளர்தான். காவிரி டெல்டாவில் ஒரு சிற்றூர். அவர் தம் வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. நானும் கேட்டதில்லை. நான் அந்த வேலைக்கு வரக் கூடாது என்பதற்காகவே என்னைப் படிக்க வைத்தார். நானும் அதற்கேற்றாற்போல் அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரிந்து கொள்ளாமலே படித்துவிட்டேன்.

நடந்ததைச் சொன்னேன். வீட்டுக்காரர்தான் அப்படிச் செய்து வைத்திருந்தார் என்று அவர் நினைத்துக் கொண்டார்.

"அந்த ஒயர எவன்டா செஞ்சான்?" என்றார் கோபமாக.

"நான்தாம்பா."

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "கஜா புயலப்போ ஊரெல்லாம் கம்பம் சாஞ்சு கெடந்துதே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையைக் கடந்த புயல். எங்கள் பக்கத்தில் பல கிராமங்கள் நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. தண்ணீர்த் தொட்டியை நிரப்பவும் கைபேசிக்கு மின்னேற்றவும் தெருவுக்குத் தெரு வாடகை ஜெனரேட்டர் ஓடியது. அந்த நாட்களில் அப்பா வீட்டுக்கு வந்தது எண்ணிச் சில இரவுகள்தான்.

"ஒவ்வொரு கம்பத்துலயும் ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் எர்த் கட்டிட்டுத்தான் ஏறுவோம். லைன்ல கரண்ட் இல்லேன்னு எங்களுக்குத் தெரியும். பயம் அதுக்கு இல்லடா. வீட்டுக்குள்ளேருந்து திரும்பி வர்ற கரண்டுக்குத்தான் பயம். எங்கூட வேல பாத்த ஒருத்தர் அப்படித்தான் வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு ஊர்ல கம்பத்துலேருந்து விழுந்தார். உசிரு தப்பிச்சுது. இடுப்பு போச்சு. அப்புறம் அவர் ஏறவே இல்ல."

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா உங்கம்மா தூங்குவாளா?" என்றார். சற்றுப் பொறுத்து, "மொதல்ல அந்த வீட்டுக்கு ஒரு சேஞ்ச் ஓவர் போடச் சொல்லு" என்று முடித்தார்.

அதன் பின் உட்கார்ந்து, படித்த பௌதிகத்தை முதன்முறையாக வீட்டுக்குப் பயன்படும்படி யோசித்துப் பார்த்தேன்.

முதலாவது, அந்த ஒயரே பிழை. பிளக்கு, சாக்கெட்டு என்னும் அமைப்பில் ஒரு தர்மம் இருக்கிறது. மின்சாரம் இருக்கும் பக்கத்தில் துளை. மின்சாரத்தை வாங்கும் பக்கத்தில் ஊசி. ஆகையால் வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் ஊசியில் ஒருபோதும் மின்சாரம் இராது. அதைக் குழந்தை தொட்டாலும் தீங்கில்லை. இரண்டு முனையிலும் ஊசி வைத்த ஒயர் இந்தத் தர்மத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஒரு முனையை ஓடும் ஜெனரேட்டரில் செருகியதும், மறுமுனை ஊசிகளில் 230 வோல்ட் பளபளவென்று வெளியே தெரிய நிற்கிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தற்கொலை ஒயர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரிலும் பிழை உண்டு. செத்துப் போகக் கூடியவன் செய்தவன் மட்டும் அல்லவே!

இரண்டாவது, டிரான்ஸ்பார்மர். 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிச் செய்த பரிசோதனையிலிருந்து பிறந்தது அது. அதற்கு எது முன், எது பின் என்று தெரியாது. நம் தெருவில் உள்ளது 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. ஒரு கம்பிக்கும் நியூட்ரலுக்கும் இடையே அது 250 வோல்ட். அதாவது ஒரு சுருளுக்கு மற்றது 44 மடங்கு. கீழ்ப்பக்கத்திலிருந்து 230 வோல்ட்டை உள்ளே தள்ளினால், அதே 44 மடங்கு மேல்பக்கத்தில் உயர்ந்து, கணக்குப்படி பதினாயிரம் வோல்ட் ஆகும். பியூஸைப் பிடுங்காத டிரான்ஸ்பார்மராக இருந்தால், அடுத்த தெருவில் உயர் அழுத்தக் கம்பியில் கை வைப்பவருக்கும் ஆபத்து.

இதைச் சொன்னபோது என் வகுப்புத் தோழர் ஒருவர் மறுத்தார். "உன் பொம்மை ஜெனரேட்டரா தெருவுக்கே மின்சாரம் கொடுக்கும்? தெருவின் சுமை விழுந்ததும் அது மூச்சுத் திணறி நின்றுவிடுமே!" என்றார். பல சமயம் அவர் சொல்வது சரிதான். ஆனால் கம்பி அறுந்து, கடைசியில் இரண்டே வீடுகள் மிஞ்சியிருந்தால் தெருச்சுமை எங்கிருந்து வரும்? கம்பி அறுந்திருக்கும் நாளில்தானே கம்பத்தில் ஆள் ஏறுகிறார்! மனிதனைக் கொல்லப் பெரிய மின்சாரமும் தேவையில்லை. உயிரைக் காக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் விசை 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழும்படி அமைக்கப்படுகிறது. என் பொம்மை ஜெனரேட்டர் அதைப் போல ஏறத்தாழ 290 மடங்கு கொடுக்கும்.

மூன்றாவது, ஜெனரேட்டர் ஓடும்போதே தெருவில் மின்சாரம் திரும்பி வந்தால் என்ன ஆகும்? இரண்டும் விநாடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குபவைதான். ஆனால் இரண்டும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கும் என்பது என்ன நிச்சயம்? ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது அடியில் இருந்தால், இரண்டுக்கும் இடையே 650 வோல்ட் வரை வேற்றுமை நிற்கும். ஜெனரேட்டரின் சுருள் கருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றே. அதுதான் அப்பா சொன்ன சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச்.

அதில் மூன்று நிலைகள். ஒரு பக்கம் தெரு மின்சாரம்; மறுபக்கம் ஜெனரேட்டர்; நடுவில் இரண்டும் இல்லாத ஓய்வு. கைப்பிடி ஒன்றே. ஒன்றைவிட்ட பிறகுதான் மற்றதைத் தொடும். வீடு இரண்டோடும் ஒரே சமயத்தில் சேருவதற்கு அதில் வழியே கிடையாது. மெயினை அணைத்தோமா என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. என் காகிதத்துக்கும் இந்த ஸ்விட்சுக்கும் உள்ள வேற்றுமை இதுதான். காகிதம் என் நினைவை நம்பியது. ஸ்விட்சு யாருடைய நினைவையும் நம்பவில்லை. அவசரம் இல்லாத நாளில் காகிதம் போதும். ஆனால் ஜெனரேட்டர் என்பதே அவசரத்துக்கென்று வாங்கியதல்லவா? அம்மாஜியின் மூச்சு திணறும்போது எவன் சுவரில் ஒட்டியதைப் படிப்பான்?

இந்த முறை நான் கைவைக்கவில்லை. வீட்டு மின்வேலையை உரிமம் பெற்றவரைக் கொண்டே செய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. இன்றைய விதிமுறைகளும் அதையே சொல்கின்றன. அப்படி உரிமம் பெற்ற ஒருவரை மாஸ்டர்ஜி அழைத்து வந்தார். அவர் செய்ததை உடனிருந்து பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் பயன்படலாம்.

மீட்டருக்கும் வீட்டு மெயினுக்கும் அடுத்து, இரட்டைத் துருவ சேஞ்ச் ஓவர் ஒன்றைப் பொருத்தினார். இரட்டைத் துருவம் என்றால், பேஸ் கம்பியோடு நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும். நியூட்ரலை மட்டும் விட்டுவைத்தால், அதன் வழியாகவும் தெருவுக்கு மின்சாரம் போகக் கூடும். வெளிச்சுவரில், ஊசிகள் உள்ளடங்கிய பெட்டி ஒன்றை வைத்தார். ஜெனரேட்டரிலிருந்து வரும் ஒயரின் வீட்டுப்பக்க முனையில் இப்போது இருப்பது துளை. ஊசி வெளியே நீட்டுவது இல்லை.

அடுத்து பூமி இணைப்பு. தெரு மின்சாரத்தின் நியூட்ரல் டிரான்ஸ்பார்மர் அருகே பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. சேஞ்ச் ஓவர் இரு கம்பிகளையும் துண்டித்த பிறகு ஜெனரேட்டர் தனிக்குடித்தனம். அதற்கு அந்த உறவு கிடையாது. அப்படியே விட்டால் கசிவு ஏற்பட்டாலும் ஆர்.சி.சி.பி. விழாமல் இருந்துவிடலாம். ஆகையால் ஜெனரேட்டரின் உடலைப் பூமியோடு இணைத்து, அதன் நியூட்ரலையும் ஓரிடத்தில் மட்டும் பூமியோடு சேர்த்தார். இது இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். அதன் கைப்புத்தகத்தைப் பார்க்காமல் செய்யக் கூடாது என்று எச்சரித்தார்.

பிறகு, இடம். திருட்டுப் போய்விடும் என்று அஞ்சி ஜெனரேட்டரை உள் முற்றத்தில் வைக்க மாஸ்டர்ஜி நினைத்ததுண்டு. அதை அவர் அடியோடு தடுத்தார். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பற்றிக் கொள்வதில் அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலியது. கதவு திறந்திருக்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. நுரையீரல் நோயாளிக்குப் பிராணவாயு கொடுக்க வாங்கிய இயந்திரம் அதே வீட்டில் விஷவாயுவை ஊதினால் அது என்ன நியாயம்! பின்புறத் திறந்த வெளியில், ஜன்னல்களுக்கு இருபது அடிக்கு மேல் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு முதுகைக் காட்டும்படி, மழை படாமல் ஒரு தகரக் கூரையின் கீழ் வைத்துச் சங்கிலி போட்டோம். பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்த்துத்தான் வைத்தோம். பெட்ரோல் ஊற்றுவது எஞ்சினை நிறுத்தி ஆறவிட்ட பிறகே. அந்த இடைவேளைக்கென்று சிலிண்டர் இரண்டு இப்போது வீட்டில் இருக்கின்றன.

கடைசியாக, சுமை. ஜெனரேட்டரை வெறுமையாக ஓட்டி, சற்று நிதானித்த பின் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் போட வேண்டும். முதலில் பிராணவாயு இயந்திரம், பிறகு குளிர்ப்பெட்டி, பிறகு விளக்கு, விசிறிகள். ஒரு குதிரைச் சக்தி தண்ணீர் மோட்டாரை மட்டும் அதில் சேர்க்கவில்லை. ஓடும்போது அது ஒரு கிலோவாட் அளவு எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். 2 கே.வி.ஏ. இயந்திரம் அதைத் தாங்காது. மாஸ்டர்ஜி ஒரு பட்டியல் எழுதிக் கூட்டிப் பார்த்தார். கணித ஆசிரியர் ஆயிற்றே, கூட்டல் பிசகவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவர் எங்கள் சந்துக்கு வேறு வேலையாக வந்தார். மாஸ்டர்ஜி உள்ளே அழைத்து வந்து ஸ்விட்சைக் காட்டினார். அவர் கைப்பிடியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், "நல்லது" என்றார். அம்மாஜி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். கம்பத்தடிக்குப் போனதும் வழக்கம்போலக் கழியை எடுத்துச் செப்புக் கம்பியை மாட்டினார். எங்கள் ஸ்விட்சைக் கண்ணால் பார்த்த பிறகும் மாட்டினார். எனக்கு அது வருத்தமாக இல்லை. சந்தில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

அன்பர்களே, நம்மில் பலர் வாடகை அறைகளில் இருக்கிறோம். நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கே வாடகை ஜெனரேட்டர் வருவதுண்டு. நீங்கள் குடியிருக்கும் வீட்டில் ஜெனரேட்டர் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று இன்று ஒரு முறை போய்ப் பாருங்கள். சேஞ்ச் ஓவர் இல்லையென்றால் வீட்டு ஒயரிங்கைத் தொடவே வேண்டாம். தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றில் வேண்டிய கருவியை நேராக மாட்டுங்கள். இரண்டு முனையிலும் பிளக்கு உள்ள ஒயர் கண்ணில் பட்டால், இயந்திரத்தை நிறுத்தி, அதைப் பிடுங்கி, வெட்டிவிடுங்கள். வீட்டுக்காரர் கோபித்துக் கொண்டால் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அந்த ஒயரைச் செய்தவர் நீங்களாகவே இருந்தால் அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். நானும் சொல்லிவிட்டேன்.